டீஃபால்ட் நாட்டாமை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மூணாறு, மறையூர் என்று கேரளத்தின் தமிழ் பேசும் ஓரங்களில் தென்னையும் தேயிலையும் விளைவது ஊரறிந்த செய்தி. அங்கே விளையும் இன்னொரு சரக்கு டீஃபால்ட் நாட்டாமை. இவர் தானாக முளைத்தவர் அல்ல. 2001-ல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டமும், 2017-ல் அதன் வாரிசாக வந்த கைட் நிறுவனமும் கேரளப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸைக் குடியேற்றிவிட்டன. பொள்ளாச்சிப் பக்கம் லினக்ஸ் என்பது ஆசைப்பட்டவர் தேடிக் கற்கும் வித்தை. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் மீடியம் பிள்ளைக்கும் அது பத்தாம் வகுப்புப் பரீட்சை. எழுதி முடித்தவர்களில் பெரும்பாலோர் அதை அன்றே மறந்துவிடுகிறார்கள். மறக்க மறுத்தவர்தான் நம் நாட்டாமை.

இவர் முன் வரும் வழக்கு எப்போதும் ஒன்றுதான்: உள்ளங்கையில் அடங்கும் லினக்ஸ் கணினியை ஆன் செய்ததும் எந்த டெஸ்க்டாப் வர வேண்டும்? கேடிஇ என்றால் முகம் சுளிப்பார். க்னோம் என்றால் எழுந்து போய்விடுவார். எக்ஸ்எஃப்சிஇ என்றால் கண் கலங்கும். பத்து எம்பி மெமரி மிச்சமானதைப் பத்து சென்ட் நிலம் மீண்டது போலச் சொல்வார். அவர் கையில் கருவியைக் கொடுத்துப் பாருங்கள். 2010-ல் வாங்கியவர்கள் கைக்கு வந்த பண்டோரா என்ற கையடக்க லினக்ஸ் கணினியின் திரை 4.3 அங்குலம், உயரத்தில் 480 புள்ளிதான். பெரிய மானிட்டரை மனத்தில் வைத்துச் செய்த செட்டிங்ஸ் ஜன்னலை அதில் திறந்தால் ‘சரி’ பட்டன் திரைக்குக் கீழே எங்கோ பாதாளத்தில் இருக்கும். நாட்டாமை கலங்க மாட்டார். ஒரு கட்டைவிரலால் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு, மறு கையால் ஜன்னலைக் கிணற்று வாளி மாதிரி மேலே இழுத்து, பட்டனைத் தொட்டுவிட்டு, “இதில் என்ன கஷ்டம்?” என்பார்.

கஷ்டம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. டீஃபால்ட் என்பது அதை மாற்றத் தெரியாதவருக்கும் மாற்ற நினைக்காதவருக்கும் மற்றவர் செய்து வைக்கும் ஏற்பாடு. நாட்டாமையோ கருவி வந்த பத்தாவது நிமிடம் எல்லாவற்றையும் கலைத்துத் தன் இஷ்டத்துக்கு அடுக்கிக்கொள்வார். அதாவது, எந்த டீஃபால்ட்டுக்காக அவர் தொண்டை வறளப் பேசுகிறாரோ, அதன் கீழ் ஒரு நாள்கூட அவர் குடியிருக்கப் போவதில்லை. அசலூர்க்காரர் வந்து நம் ஊர் வாய்க்காலுக்கு முறை வைப்பது போலத்தான் இது.

குடியிருக்கப் போகிறவரை நினைத்து முடிவெடுத்தவர்கள் உண்டு. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்த சிம்ப்யூட்டர் கைக்கு அடக்கமான லினக்ஸ் கணினிதான். ஊரே ஒரு கருவியைப் பங்கு போட்டுக்கொள்ள ஸ்மார்ட் கார்டு, எழுத்தறியாதவருக்குப் படங்கள், வாசித்துக் காட்டும் குரல் என்று யோசித்தார்கள். மேசைக் கணினியின் டெஸ்க்டாப்பைச் சுருக்கி அதில் திணிக்கவில்லை. “அது விலைபோகவில்லையே?” என்று நாட்டாமை மடக்குவார். உண்மை. ஆனால் 2004-ல் அது கடைக்கு வந்தபோது விலை பத்தாயிரத்தைத் தொட்டது. அதே நேரம் செல்போன் மலிந்துகொண்டிருந்தது. டெஸ்க்டாப் இல்லாத குறையால் அதை யாரும் திருப்பிக் கொடுத்ததாகச் சேதியில்லை. 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியும் லினக்ஸ்தான். ஆன் செய்தால் விளையாட்டுப் பட்டியல் வரும். கேடிஇ டெஸ்க்டாப்பும் உள்ளே உண்டு, ஆனால் பவர் மெனுவுக்குள் போய்க் கேட்டால்தான் வெளியே வரும். கையில் இருப்பது லினக்ஸ் என்று தெரியாமலே அதில் விளையாடலாம்.

“லினக்ஸ் என்றாலே சுதந்திரம்; வாங்கியவரையே கேட்டுவிட்டால் போச்சு” என்பது அவருடைய அடுத்த வாதம். எக்ஸ்எஃப்சிஇயையும் மினிமெனு என்ற எளிய பட்டியலையும் வைத்துக்கொண்டு பண்டோரா அப்படித்தான் கேட்டது. லினக்ஸ் தெரிந்தே அதை வாங்கியவர்களுக்கு அது சரி. எக்ஸ்எஃப்சிஇ இன்னதென்று அறியாதவரிடம் அதே கேள்வியைக் கேட்டால், எது முதலில் இருக்கிறதோ அதைத் தொட்டுவிட்டு நகர்வார். கேள்விக்குள்ளும் ஒரு டீஃபால்ட் உட்கார்ந்திருக்கிறது. நாட்டாமையின் சுதந்திரத்தை யாரும் பறிக்கப் போவதில்லை, மெனுவில் ஒரு படி கீழே இறங்கினால் அது கிடைக்கும். அந்தப் படியில் இறங்க அவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது.

அதற்காக நாட்டாமையை ஊரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. பாதாளத்தில் விழுந்த பட்டனை முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். அதைப் புகாராக எழுதினால் ஊருக்கே உபகாரம். ஆகவே தீர்ப்பு இது: சின்னத் திரையில் முதலில் பெரிய ஐகான்களுடன் ஒரு பட்டியல், அதிலேயே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முழு டெஸ்க்டாப்புக்கு ஒரு கதவு. நாட்டாமை அந்தக் கதவு வழியாகப் போகட்டும். ஆல்ட் சாவி அவரிடம் இருக்கிறது.