நீலப் பென்சிலில் காவிரி

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வில் வரைபடக் கேள்வி என்றால் புவியியல் அறிவு என்று பொருளல்ல. கலர் பென்சில் என்று பொருள். மலைக்குப் பழுப்பு, ஆற்றுக்கு நீலம். சுமார் 800 கி.மீ. நீளக் காவிரியைக் குடகிலிருந்து பூம்புகார் வரை ஒரே இழுப்பில் இழுத்துவிடலாம். மேட்டூரில் திறப்பார்களா மாட்டார்களா என்ற கவலை இல்லை. கர்நாடகத்தின் தயவும் வேண்டாம். வருஷம் முழுக்கக் கரைபுரண்டு ஓடும் காவிரி அந்தத் தாளில் மட்டும்தான்.

இந்தியத் திட்ட நேரத்துக்கான தீர்க்கக்கோடு 82½ டிகிரி கிழக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். (கிழக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள், செல்போனை எடுக்க வேண்டியிருக்கும்.) பதினொன்றாம் வகுப்பில் புவியியல் எடுக்கிறேன் என்று பிள்ளை சொன்னாலோ, வீட்டில் நிலநடுக்கம்.

சதுப்புநிலம் மழைநீரைத் தேக்கி வெள்ளத்தைத் தணிக்கும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் பின்னாளில் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பக்கம் மனை வாங்கினார்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, இந்த மாசத்தில் இவ்வளவு மழையா என்று ஆச்சரியப்பட்டார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.