சீக்கிரமாப் போட்டுரு மாப்ளே

சிங்கப்பூருல சம்பாதிச்ச காசைக் கம்பெனியில போடப் போறியாமே மாப்ளே? போடு, போடு. நான் ஏன் தடுக்கப் போறேன்? போடுறதைச் சீக்கிரமாப் போட்டுரு. ஆபீசருங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதுக்கு முன்னாடி போட்டாத்தான் உண்டு.

பேச மாட்டாங்கன்னு நெனைக்காத. பேசுறதுக்குன்னே கமிட்டி இருக்கு. மேற்கு வங்கத்துல 2013-ல சாரதா குழுமம் கவுந்துச்சுல்ல, அதுக்குப் பின்னால 2014-ல ஒவ்வொரு மாநிலத்துலயும் அந்தக் கமிட்டிக்குத் தலைமைச் செயலாளரைத் தலைவராப் போட்டாங்க. ரிசர்வ் வங்கி, செபி, கம்பெனிப் பதிவாளர், பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசுன்னு சுத்தி உக்காந்து, எவன் கள்ளத்தனமா டெபாசிட் வாங்குறான்னு சொல்லிக்கணும். மூணு மாசத்துக்கு ஒருக்கா. உன் கம்பெனிக்காரன் வாராவாரம் கூட்டம் போடுறான், அதுவும் பிரியாணியோட. யாரு வேகம்?

ஆடியில வடகாடு, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துக்குப் போயிருக்கேல்ல? அங்க எவன் எவ்வளவு மொய் வாங்குனான், திருப்பிச் செஞ்சானான்னு நோட்டைப் பொரட்டுனா தெரிஞ்சிரும். பாக்கி வச்சவன் அடுத்த பந்தலுக்குள்ள காலு வைக்கிறதுக்கு முந்தியே அவன் பேரு அங்க போய்ச் சேந்துருக்கும். சர்க்காருல அப்படியா? கம்பெனி பேரு பதிவாளர்கிட்ட, பணம் போன வழி பேங்குல, ஏமாந்தவன் அழுகை போலீசு டேசன்ல.

இப்படிச் செதறிக் கெடக்குற தகவலைச் சேத்துவைக்கவும் சட்டம் வந்துருச்சு. 2019-ல போட்ட முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டத் தடைச் சட்டம். அதுல 11-ஆம் பிரிவு, இன்கம்டாக்சு உட்பட எந்த ஆபீசுல தகவல் இருந்தாலும் விசாரிக்கிற போலீசுக்குக் குடுக்கணுங்குது. பேங்குக்காரருக்குச் சந்தேகம் தட்டுனா உடனே உரிய அதிகாரிக்குச் சொல்லணுமாம். நல்ல சட்டந்தான். ஆனா அதுக்குப் பின்னால, 2022-ல ஆருத்ராங்கிற கம்பெனி மேல கேசு வந்தப்ப, போலீசு கணக்குல காசு போட்டவங்க லட்சம் பேருக்கு மேல, போட்டது 2,438 கோடி ரூபா. மாசத்துக்கு நூத்துக்கு 25, 30 வட்டின்னு ஆசை காட்டிருக்கான். கந்துவட்டிக்காரனே கூசுவான் அந்த வட்டிக்கு!

ஆபீசருங்களை மட்டும் ஏசிப்புட்டா எப்படி? மொதத் தகவல் உங்கிட்டதான இருக்கு. வட்டி வர்ற வரைக்கும் ஒருத்தனும் புகார் எழுத மாட்டான். எழுதப் போறவன் வாயையும், "கம்பெனிய மூடிட்டா என் முதலு?"ன்னு பொத்துவான். புகார் இல்லாம, கமிட்டியில உக்காந்து எதைப் பகுந்துக்குவாங்க, டீயும் வடையுமா?

ரிசர்வ் வங்கி 2016-ல 'சசேத்'னு ஒரு வலைத்தளம் தொறந்து வச்சிருக்கு. டெபாசிட் வாங்க அனுமதி இருக்கான்னு அதுல பாக்கலாம், புகாரும் எழுதலாம். ராத்திரியெல்லாம் போனைத் தடவுறியே, அந்தக் கம்பெனி பேரையும் ஒருக்காத் தட்டிப் பாரேன்.

ஏஜெண்டு உன் சித்தப்பா மவன், கேக்கக் கூச்சமா இருக்காக்கும்? "டெபாசிட் வாங்க யாருண்ணே அனுமதி குடுத்தது?"ன்னு சும்மா கேளு. அவன் சொல்றது சசேத்துலயும் இருந்துச்சுன்னா, என் பேருலயும் ரெண்டு லட்சம் சேத்துப் போடு. மூஞ்சியத் தூக்குனான்னா, தின்ன பிரியாணிக்கு ஒரு நூறு ரூபா மொய் எழுதிட்டு எந்திரிச்சு வந்துரு.