நான்காம் சுவர் யாருக்கு? ஹைதராபாத் ஹாலில் டிவி, புரொஜெக்டர் குறித்த ஓர் ஆய்வு

ஹைதராபாத் அபார்ட்மென்ட் ஹாலில் ஒரு சுவர் ஜன்னலுக்கும், ஒன்று சாமி அலமாரிக்கும், ஒன்று சமையலறை வாசலுக்கும் ஏற்கெனவே பட்டா ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் நான்காம் சுவர் யாருக்கு, டிவிக்கா புரொஜெக்டருக்கா என்ற கேள்வியை வாஸ்து நூலோர் கண்டுகொள்ளவில்லை. தத்துவ நூலோரும் கைவிட்டுவிட்டனர். அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது. இதன் எல்லை மேற்கே கச்சிபௌலி, கிழக்கே ஈசிஐஎல் கிராஸ் ரோடு.

கிழக்கு எல்லையில் வரலாறு இருக்கிறது. அணுசக்தித் துறையின் கீழ் 1967இல் ஏ.எஸ். ராவ் தலைமையில் தொடங்கப்பட்ட ஈசிஐஎல் நிறுவனம், அணு உலைகளுக்கான கருவிகளைச் செய்த கையோடு ‘ஈசி டிவி’ என்ற கறுப்பு வெள்ளைப் பெட்டியையும் செய்தது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நடந்த சைட் என்னும் செயற்கைக்கோள் கல்விச் சோதனையில், ஆந்திரம் உட்பட ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குப் போன பெட்டிகளைச் செய்ததும் இதுவே. கோழிவலைக் கம்பியில் செய்த ஆன்டெனா வானிலிருந்து படத்தை வாங்கிக் கொடுக்க, ஊரே கூடி உட்கார்ந்து பார்த்தது. ஆக, டிவியே இம்மண்ணின் மைந்தன் என்பது டிவி கட்சியின் வாதம்.

இதைப் புரொஜெக்டர் கட்சி ஏற்பதில்லை. சிகந்தராபாத் பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயிலை ஒட்டி வாழும் தமிழர் ஒருவர் அக்கட்சியில் இருந்தால், சாமிக்கண்ணு வின்சென்டைச் சாட்சிக்கு அழைப்பது உறுதி. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கி, வேலையை உதறி, ஊர் ஊராக டென்ட் அடித்துப் படம் காட்டியவர். மூப்பு புரொஜெக்டருக்கே என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் வீட்டு ஹாலில் மாட்டவில்லை என்பதையும் ஆய்வு பதிவு செய்கிறது.

ஹைதராபாத்காரருக்குப் பெரிய திரைமேல் இவ்வளவு மோகம் ஏன்? நோய் முற்றிய காலத்தைக் கணிக்க முடிகிறது: 2003. அவ்வாண்டு நெக்லஸ் ரோடு பக்கம் திறக்கப்பட்ட பிரசாத்ஸ் ஐமேக்ஸில் திரையின் உயரம் 72 அடி, அகலம் 95 அடி. ஐந்து மாடி உயரத்தில் முகம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வீட்டுக்கு வந்ததும் 43 இஞ்ச் டிவி பாஸ்போர்ட் போட்டோவாகத் தெரிவதில் வியப்பில்லை.

இனி இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. டிவி வாங்குபவர் வெளிச்சத்தை வாங்குகிறார். புரொஜெக்டர் வாங்குபவர் இருட்டையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கிறது, ஆனால் அது பெட்டிக்குள் வராது. உலகத்தில் எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தை வீசாமல் இருக்கத்தான் முடியும். அப்போது திரையில் தெரிவது அறையில் ஏற்கெனவே இருக்கும் ஒளி.

கணக்கு இதோ. நூறு இஞ்ச் திரை என்றால் 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம். அதன்மேல் 2,000 லூமென்ஸ் புரொஜெக்டரின் ஒளி விழுந்தால் வெள்ளை ஏறத்தாழ 230 நிட்ஸ் பிரகாசம். நல்ல மதிப்பெண்தான், டிஜிட்டல் தியேட்டரில் வெள்ளைக்கு வைத்திருக்கும் தரமே 48 நிட்ஸ்தானே! ஆனால் ஹாலில் 200 லக்ஸ் அளவுக்கு டியூப்லைட் எரிந்தால், அந்த வெள்ளைத் திரை ஒன்றும் வீசாதபோதே 64 நிட்ஸ் காட்டும். அதாவது தியேட்டர் வெள்ளையைவிட இந்த ஹாலின் கறுப்பு வெளிச்சமானது. ஹீரோவின் கறுப்புச் சட்டை சாம்பல் நிறமாகிவிட்டதே என்று கேமராமேனைத் திட்டுவது அநியாயம்.

டியூப்லைட்டையாவது அணைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி ஐபிஎல் ஆட்டத்துக்குச் சூரியனை அணைக்க முடியாது. மே மாதம் ஹைதராபாத்தில் அஸ்தமனம் ஆறேமுக்கால் வாக்கில். அதற்குள் முதல் இன்னிங்ஸ் முடிந்து, துரத்தும் அணிக்கும் பாதி விக்கெட் போயிருக்கும். கர்ட்டனை மூடினால், “மூச்சு முட்டுதுப்பா, காத்து வரட்டும், திற” என்று மாமியார் குரல் வரும். இயற்பியலில் இதற்குத் தீர்வில்லை.

அடுத்த எதிரி சீலிங் ஃபேன். நூறு இஞ்ச் படத்துக்குச் சாதாரணப் புரொஜெக்டர் சுவரிலிருந்து ஒன்பதடியாவது தள்ளி நிற்க வேண்டும். ஹாலில் அந்த இடம் வழக்கமாக ஃபேனுக்குச் சொந்தம். பின்னால் மாட்டினால் இறக்கை ஒளியை வெட்டி, பேட்ஸ்மேன் படபடவென்று துடிப்பார். நாற்பது டிகிரியில் ஃபேனை நிறுத்துவது பற்றிப் பேசவே கூடாது. டீப்பாய்மேல் வைத்தாலோ, தண்ணீர் குடிக்கப் போகிறவர் தலை நிழல் பவுண்டரி வரை நீளும். சுவரை ஒட்டி ஒரு சாண் தள்ளி வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ வகை இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் மேல் வெளிச்சத்தைத் தாங்கும் தனித் திரையும் வாங்கினால், பெரிய டிவியின் விலையே வந்துவிடும்.

டிவி கட்சியும் யோக்கியமில்லை. எல்இடி என்று விற்பது பின்னால் விளக்கு வைத்த எல்சிடி. கியூஎல்இடி என்பதும் குவான்டம் டாட் பூசிய அதே குடும்பம். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து, தானே அணைந்து, உண்மையான கறுப்பைக் காட்டுவது ஓஎல்இடி. அதிலும் ஒரு வில்லங்கம்: தெலுங்கு நியூஸ் சேனலைக் காலை முதல் இரவு வரை ஓடவிடும் தாத்தா இருந்தால், சேனல் லோகோவும் ‘பிரேக்கிங் நியூஸ்’ பட்டையும் நாளடைவில் பேனலில் தழும்பாகப் பதியக்கூடும்.

புரொஜெக்டர் சந்தையிலோ மோசடி இன்னும் கலைநயமானது. ‘ஃபோர்கே சப்போர்ட்’ என்றால் ஃபோர்கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று பொருள். வெளியே காட்டும் என்று பொருளில்லை. கேட்க வேண்டியது நேட்டிவ் ரெசல்யூஷன். லூமென்ஸ் முன்னால் ‘ஆன்சி’ போன்ற தர அமைப்பின் பெயர் இல்லையென்றால் அந்த எண்ணைத் தெலுங்குப் பட முதல் வார வசூல் போஸ்டரைப் படிப்பதுபோலப் படிக்கலாம். பழைய விளக்கு வகை சில ஆயிரம் மணி நேரத்தில் விளக்கு மாற்றக் கேட்கும். லேசர் வகைக்கு 20,000 மணி நேரம் சொல்கிறார்கள், அதாவது தினம் நான்கு மணி நேரம் பார்த்தால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல்.

வரியும் இறங்கியது. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 அன்று 18 ஆனது. நவராத்திரியின் முதல் நாள் வேறு.

தீர்ப்பு: ஹாலுக்கு 55 இஞ்ச் டிவி. புரொஜெக்டர் வேண்டுமென்றால் கனத்த கர்ட்டன் போட்ட படுக்கையறையோ, ராத்திரி மொட்டை மாடியோ அதற்குச் சரியான இடம். இன்னும் மனசு கேட்காதவர்கள் கடைக்குக் கிளம்பும் முன், வரும் ஞாயிறு மூன்றரை மணிக்கு ஹாலில் உட்கார்ந்து, கர்ட்டனை மூடச் சொல்லிப் பாருங்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை என்றால் டிவியையே வாங்கிவிடுங்கள்.