வாய்க்கதவைத் திறங்கள்!

கேள்வி: கணவருக்கு வேலை போய் மூன்று மாதமாகிறது. ப்ளஸ் டூ படிக்கும் மகன் மனம் உடைந்துவிடுவானே என்று அவனிடம் சொல்லவில்லை. அவனோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செல்போனும் கையுமாக இருக்கிறான். எப்படிப் பேசவைப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவன் சாத்தியது மரக்கதவு, நீங்கள் சாத்தியது வாய்க்கதவு. முதலில் உங்களுடையதைத் திறங்கள். தினமும் பள்ளி விட்டு வரும்போது அப்பா லுங்கியோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தால், விஷயம் புரிய ப்ளஸ் டூ எதற்கு? எல்.கே.ஜி. போதும். மூன்று பேரும் நன்றாகத்தான் நடிக்கிறீர்கள். சம்பளம்தான் யாருக்கும் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல வீடுகளில் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்தபோதுதான் பிள்ளைகளின் முகத்தைப் பலரும் முழுதாகப் பார்த்தார்கள். அதற்காக வெள்ளம் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருடைய போனையும், உங்களுடையதையும் சேர்த்து, அணைத்தால் போதும்.

எதிரே உட்காரவைத்து “பேசு” என்றால் அது போலீஸ் விசாரணை. அப்பாவும் மகனும் சேர்ந்து வெங்காயம் உரித்தபடி பேசட்டும். கண்ணீர் வந்தாலும் பழியை வெங்காயத்தின்மேல் போட்டுவிடலாம். குடும்பக் கணக்கைக் காட்டுங்கள். கடனை அவன் தலையில் கட்டாதீர்கள்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் விளையாட்டாக விடாதீர்கள். 14416, அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். அவன் கையிலிருக்கும் செல்போனுக்கு அப்படியும் ஓர் உபயோகம் உண்டு!