தலைக்கவச மகிமை

2001 முதல் ‘ஹேலோ’ என்னும் வீடியோ விளையாட்டில் தலைக்கவசத்துக்குள்ளேயே மறைந்திருந்து கோடானுகோடிப் பகைவரைச் சம்ஹாரம் செய்துவந்த மாஸ்டர் சீஃப் என்னும் மகாவீரர், 2022-இல் தொலைக்காட்சித் தொடரில் அவதரித்தபோது, முதல் அத்தியாயத்திலேயே கவசத்தைக் கழற்றி முகதரிசனம் தந்துவிட்டார். பரம ரசிகர் கொதித்தெழுந்தது முற்றிலும் நியாயமே. முகம் என்று ஒன்று வெளிப்பட்டால் நடிக்க அல்லவா நேரும்! பாப்லோ ஷ்ரைபர் என்னும் நடிகருக்குச் சம்பளம் கொடுத்ததே வீண்செலவு. வெறுங்கவசத்தைக் கம்பத்தில் மாட்டி நிறுத்தியிருந்தால், மூலத்துக்குத் துரோகமில்லாமல் காரியம் நடந்திருக்கும். இந்த அபசாரத்தை இனிக் கண்ணெடுத்தும் பாரேன் என்று சபதமிட்ட ரசிகர், குற்றப்பத்திரிகை பூரணமாக வேண்டுமே என்ற கடமையுணர்ச்சியால், இரண்டு பருவங்களின் 17 அத்தியாயங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்து முடித்தார். 2024-இல் தொடரை நிறுத்திவிட்டார்கள். இப்போது அவர், மூன்றாம் பருவம் வேண்டி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்.