உறைந்த எண்ணெயும் உலர்ந்த உதடும்: மார்கழிச் சருமவியலுக்கு ஒரு முன்னுரை

தமிழகத்தில் குளிர்காலம் என்ற ஒன்று உண்டா என்பது அறிஞர்களிடையே தீராத வழக்கு. தில்லிக்குப் போய் வந்தவர்கள் இல்லை என்பர். விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் உண்டு என்பர். காதைச் சுற்றிய மப்ளரைச் சாட்சியாகக் காட்டுவர். வானிலை மையத்தின் கணக்குகளால் இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. அவை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் எடுக்கப்படுபவை. குளியலறை அலமாரியில் எடுக்கப்படுபவை அல்ல. எனவே இக்கட்டுரை புதியதோர் வரையறையை முன்வைக்கிறது: தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விழாத நாளே குளிர்காலத்தின் முதல் நாள்.

ஆதாரம் உண்டு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம் என்னும் நிறைவுற்ற கொழுப்பு. அதனால்தான் 24 டிகிரி செல்சியஸை ஒட்டி அது வெள்ளையாகக் கட்டிவிடுகிறது. சென்னையின் ஜனவரி இரவுகள் 20, 21 டிகிரி வரை இறங்கும். பாட்டில் இரவில் உறையும், மதியம் இளகும். வேலைக்குப் போகிறவர் தலைவாரும் எட்டரை மணிக்கு மட்டும் தவறாமல் கட்டியாக இருக்கும். ஊட்டியிலோ ஆண்டின் பெரும்பகுதி பகல் வெயிலே 24-ஐ எட்டுவதில்லை. அங்கே ஏறத்தாழ நிரந்தரக் குளிர்காலம் என்று ஆகிறது. அதையும் ஊட்டிக்காரர்கள் மறுக்கப் போவதில்லை.

இதிலிருந்து பிறப்பதே இவ்வாய்வின் மையமான ‘மருந்து உறைவுக் கோட்பாடு’. தோல் வெடிக்கும் காலமும் தோலுக்கான மருந்து கட்டியாகும் காலமும் ஒன்றே. வேறெந்த வைத்திய மரபிலும் நோயும் மருந்தும் இவ்வளவு ஒற்றுமையாக நடந்துகொண்டதில்லை.

உறைந்த எண்ணெயை வெளிக்கொணர்வதில் மூன்று பள்ளிகள் உள. மொட்டைமாடிப் பள்ளியினர் பாட்டிலைக் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்கு வைப்பர். வைத்ததை மறந்து, மறுநாள் மீண்டும் உறைந்த நிலையில் மீட்பர். வெந்நீர்ப் பள்ளியினர் குளிக்கும் பக்கெட்டிலேயே பாட்டிலை மிதக்கவிடுவர். மூடியைச் சரியாகத் திருகாத வீடுகளில் அன்று எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல். மூன்றாவதான ஈர்க்குச்சிப் பள்ளியே தொன்மையானது. விளக்குமாற்றில் ஒரு குச்சியை உருவி, பாட்டிலின் கழுத்தில் விட்டுக் குடைந்தால், நுனியில் வெள்ளையாகச் சிறிது ஒட்டிக்கொண்டு வரும். அதை வழித்து ஒரு முழங்காலுக்குப் பூசலாம். மறு முழங்காலுக்கு மறுபடி குடைய வேண்டும். வாய் அகன்ற டப்பாவில் வாங்கினால் இத்தொல்லை இல்லை என்பது உண்மையே. ஆனால் போன கோடையில் வாங்கிய பாட்டில் தீராமல் எந்தத் தமிழ் வீட்டிலும் புது டப்பா நுழையாது.

இனி நோய்க்குறிகள். தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அவற்றின் இடுக்கில் இருக்கும் கொழுப்புதான் உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கிறது. பனிக்காலக் காற்று உலர்ந்து வீசும்போது ஈரம் போகிறது. “குளிருதே” என்று நாம் ஊற்றிக்கொள்ளும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் சோப்பும் அந்தக் கொழுப்பையும் கொண்டுபோகின்றன. கெண்டைக்காலின் முன்புறத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. அங்கே நகத்தால் ஒரு கோடு இழுத்தால் சிலேட்டில் எழுதியது போல வெள்ளையாக விழும். பள்ளிச் சிறுவர்கள் பெயரெழுதி, எச்சில் தொட்டு அழித்து, மீண்டும் எழுதுவது இக்காலத்தில்தான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையா. ஆகவே குதிகால் பிளக்கிறது. இரவில் போர்வையின் நூல் அந்தப் பிளவில் மாட்டி ‘சுரீர்’ என்று இழுக்கும். பாத்திரம் தேய்க்கும் கைகளின் வெடிப்பைப் பற்றி ஆண் அறிஞர்கள் ‘பனிதான் காரணம்’ என்று எழுதியதோடு சரி. சோப்புக்கட்டியை அவர்கள் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்றார்கள். தரைக்கும் மச்சுக்கும் நடுவே உதடு என்று ஒன்று இருப்பதை முன்னோர் எப்படி விட்டார்களோ! உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பியும் இல்லை, தோலும் மெல்லிது. காய்ந்தால் நாவால் தடவுகிறோம். எச்சில் ஆவியாகும்போது இருந்த ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு போகிறது. அதிலுள்ள செரிமான நொதிகள் வேறு உதட்டை உறுத்துகின்றன. மேலும் காய்கிறது, மேலும் தடவுகிறோம். பிறகு உரிந்த தோலைப் பல்லால் கடித்து இழுப்பது, அன்று பார்த்து மதியச் சாப்பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் அமைவது ஆகியவை விதிவசம். மார்கழியில் நகைச்சுவை கேட்டும் சிரிக்காதவரை உம்மணாமூஞ்சி என்று முடிவுகட்டுவது ஆய்வு நெறியாகாது.

இலக்கியச் சான்று தேடுவோருக்குத் திருப்பாவை போதும். நோன்புக்காக ஆயர் சிறுமியர் விலக்குவதாகச் சொல்லும் பட்டியலில் நெய், பால், கண் மை, பூ எல்லாம் வருகின்றன. விடியலில் நீராட்டு வேறு. 27-ஆம் பாசுரத்தில் நோன்பு முடிந்து பால்சோறு உண்கிறார்கள். நெய் முழங்கை வரை வழிகிறது. உரையாசிரியர்கள் இதற்கு உயர்ந்த பொருள்கள் சொல்லியிருக்கிறார்கள். சருமவியல் நோக்கில் ஒன்றை மட்டும் பணிவோடு சேர்க்கலாம்: இருபத்தாறு நாள் வறண்ட உடம்பில் முழங்கையைத் தவிர வேறெங்கே நெய் வழிய வேண்டும்?

அயல்நாட்டு மரபில் குறிப்பிடத்தக்கவர் ராபர்ட் செஸ்ப்ரோ. 1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனார். பம்புக் கம்பிகளில் ஒட்டும் மெழுகுப் பிசினைத் தொழிலாளர்கள் காயத்துக்குத் தடவுவதைக் கண்டார். அதைச் சுத்திகரித்து 1872-இல் வேஸ்லினுக்குக் காப்புரிமை பெற்றார். தினம் ஒரு ஸ்பூன் விழுங்கினார் என்றும் சொல்வார்கள். அதைப் பின்பற்ற வேண்டாம். வேஸ்லின் நம் மார்கழியில் உறைந்து அடம்பிடிப்பதில்லை. ஆனால் அது ஈரம் தருவதுமில்லை. இருக்கும் ஈரத்தை மூடிவைக்கும், அவ்வளவே. எனவே காய்ந்த தோலில் பூசிப் பயனில்லை. குளித்துத் துவட்டி, உடம்பில் ஈரப்பதம் இருக்கும்போதே பூச வேண்டும். எண்ணெய்க்கும் இதே விதிதான்.

நம் மரபோ குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கழுவிவிடுகிறது. வரிசையை மாற்றினால் போதும் என்பதே இவ்வாய்வின் பரிந்துரை. இதைப் புறத்தேர்வாளரான அம்மாவிடம் சமர்ப்பித்தபோது, முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே வினா எழுப்பினார்: “குளிச்சிட்டு எண்ணெயப் பூசிக்கிட்டு சோபாவுல உக்காந்தா, அந்த உறைய யாருடா தொவைக்கிறது?”

ஆய்வேடு திருத்தத்திற்காகத் திருப்பி அனுப்பப்பட்டுள்ளது.