கட்டுச்சோற்றியல்

பாயிரம்

நூல் செய்கிறவன் தன் தகுதியை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. அடியேன் முப்பத்தோராண்டு திருவண்ணாமலை செங்கம் சாலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து, அத்தனை ஆண்டும் மதியச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போய்வந்தவன். ஓய்வுக்குப் பின், தூக்கிச் செல்கிறவர்களைக் கவனித்துவருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து தினம் இரண்டு டப்பாக்கள் புறப்படுகின்றன. ஒன்று பஸ் கண்டக்டரான மகனுடையது. மற்றொன்று ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மருமகளுடையது. ஆய்வுக்களம் இவ்வளவே.

அடுப்படியில் தத்துவம் பிறப்பது திருவண்ணாமலைக்குப் புதிதன்று. அப்பளம் இட ஒத்தாசைக்குக் கூப்பிட்ட தாய் அழகம்மைக்கு, அந்த வேலையையே ஞானமார்க்கமாக்கி ரமணர் 'அப்பளப் பாட்டு' எழுதித் தந்த ஊர் இது. அப்பளத்தை டப்பாவில் அடைத்தால் நமுத்துவிடும் என்பதாலோ என்னவோ, அவர் டப்பா பக்கம் போகவில்லை. அக்குறையை இந்நூல் நிரப்புகிறது.

1. பெயரியல்

வழிநடைக்குக் கொண்டுபோகும் சோற்றுக்குப் பழந்தமிழில் 'ஆற்றுணா' என்று பெயர். நன்கு கற்றவர்க்கு எந்த நாடும் சொந்த நாடே, ஆகவே அவர்க்கு ஆற்றுணா வேண்டியதில்லை என்பது பழமொழி நானூற்றின் துணிபு. இரண்டு பட்டம் வாங்கிய பிள்ளைகள் விடியுமுன் டப்பாவோடு கம்பெனி வேன் ஏறி செய்யாறு சிப்காட்டுக்குப் போகும் காட்சியை அப்புலவர் காணவில்லை. கண்டிருந்தால் பாட்டைத் திருத்தியிருப்பார்.

பின்னர் இது பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு, டிபன் எனப் பெயர் மாறி இன்று 'டப்பா' என்று நிற்கிறது. "டப்பாவைச் சாப்பிட்டியாம்மா?" என்று என் மனைவி மருமகளைக் கேட்பது இடவாகுபெயர்.

2. பொழுதியல்

இலக்கணிகள் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம். ஆலைகள் ஒரு நாளை மூன்று ஷிப்டாகப் பகுத்தன. ஒவ்வொன்றும் 8 மணி நேரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலை 6 முதல் 2 வரையான ஷிப்ட், காலையும் நண்பகலும். 2 முதல் இரவு 10 வரை, எற்பாடும் மாலையும். 10 முதல் 6 வரை, யாமமும் வைகறையும். ஒரு நாழிகை கூடப் பிசகவில்லை. மூன்று ஷிப்டு முறையைக் கண்டவர் தமிழரே என்று நிறுவ இதற்குமேல் சான்று வேண்டுமா?

மருமகளின் இரவு டூட்டி மட்டும் இலக்கணத்தை மீறுகிறது. இரவு 7 முதல் காலை 7 வரை நீளும் அது நான்கு சிறுபொழுதுகளை மிதிக்கிறது. மாலைக்கு உரியது இருத்தல். அவள் அங்கே நிற்கிறாள். விடியலுக்கு உரியது ஊடல், இது தவறுவதேயில்லை. பாதிச் சோற்றோடு டப்பா திரும்பியதும் என் மனைவி அதைத் தொடங்குவாள்.

பெரும்பொழுது என இவ்வூரில் தனியாக ஒன்றுண்டு. அது பௌர்ணமி. 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றச் சனம் வந்து இறங்கும் இரவில் பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். தெரு கூட்டும் துப்புரவுப் பணியாளர், பந்தோபஸ்து போலீஸ்காரர், பஸ்காரர் எவரும் வீட்டுக்கு ஓடி ஒரு வாய் சாப்பிட்டுவர முடியாது. கையில் இருப்பதே சோறு.

3. பொருளியல்

டப்பாவுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் தெளிவாக உள்ளனர். தட்டில் பாதி காய், கீரை, பழமாக இருக்க வேண்டும். நாளின் மொத்த ஆற்றலில் அரிசி, கோதுமை வகையறாவின் பங்கு 45 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. என் ஆசிரியப் பணிக்காலத்து அடுக்குத் தூக்கைத் திறந்து பார்ப்போம். கீழடுக்கில் சோறு. நடு அடுக்கில் சோறு. மேலடுக்கின் ஓரத்தில் பீன்ஸ் பொரியல், வேற்றுமை உருபு போலச் சோற்றோடு ஒட்டிக்கொண்டு, தனித்து நிற்கும் வலுவின்றி.

வெளியூரிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டாம். ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. சுற்றுவட்டாரக் கொல்லையெல்லாம் மல்லாட்டை. மற்ற மாவட்டத்தார் வேர்க்கடலை, நிலக்கடலை என்று அழைக்கும் அதே பொருள்தான். நாங்கள் சொன்னால் மட்டும் ருசி கூடும். காய்ந்த பருப்பு 100 கிராமில் 25 கிராம் அளவுக்குப் புரதம். இரவு டூட்டிக்காரர்க்கு அவித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி, கொய்யா ஒன்று, வெள்ளரிப்பிஞ்சு இரண்டு, அவித்த முட்டை ஒன்று இருந்தால் பின்னிரவில் டீயும் பஜ்ஜியும் தேடிப் போகவேண்டியதில்லை. கொண்டைக்கடலைச் சுண்டலும் தகும். கோயில் ஊரில் சுண்டலைப் புகழ்ந்து எழுதினால் கூறியது கூறல் என்னும் குற்றம் வரும் என்பதால் விடுகிறேன்.

4. விகாரவியல்

நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் நிகழும் விகாரம் மூன்று என்பது நன்னூல். தோன்றல், திரிதல், கெடுதல். பவணந்தி முனிவர் இதை எழுத்துக்குத்தான் சொன்னார் என்று முப்பத்தோராண்டு பாடம் நடத்திய நான், இது டப்பாவுக்குச் சொன்னது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தோன்றல்: டப்பாவுக்குள் வைத்த குழம்பு பைக்குள் தோன்றுவது. ஒருநாள் கட்டிய விடைத்தாள் அத்தனையிலும் வத்தக்குழம்பு தோன்றியது. எந்தப் பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண் என்பது எண்ணெய்க்குள் மறைந்துவிடவே, எல்லோரையும் தேர்ச்சி பெறவைத்தேன். அன்று செய்த நூற்பா:

நீர்மிகு குழம்பும் நெகிழ்ந்த மூடியும்
பேருந்து ஏறின் பையும் சிவக்கும்.

திரிதல்: பால் திரிவது. இதைப் பகையாக எண்ணாமல் வேலைக்கு வைத்துக்கொண்டவர்கள் நம் பெண்கள். குழையவடித்த சோற்றைப் பாலூற்றிப் பிசைந்து, ஆறியபின் ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டு மூடினால், பஸ் போளூர், ஆரணி போய்த் திரும்புவதற்குள் டப்பாவுக்குள்ளேயே தயிர் உறைந்து, மதியம் புளிக்காத தயிர்சாதமாகத் திறக்கும். காலையிலேயே முழுக்கத் தயிரில் பிசைந்தது மதியம் பல்லைக் கூசவைக்கும். சாமைச்சோற்றுக்கும் விதி இதுவே.

கெடுதல்: விளக்கம் வேண்டாத சொல். சோறு கொதித்தாலும் சாகாத வித்துகளை உடையது பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இத்தகைய கிருமிகள் பெருகும். சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். திருவண்ணாமலை அக்னித் தலம். சித்திரையில் இங்கே அறை வெப்பம் என்பதே தனி ஆய்வுக்குரியது. இதற்கு முன்னோர் கண்ட பரிகாரம் புளியோதரை. புளியின் புளிப்பு கிருமியைத் தடுக்கும், வறுத்த பொடியும் நல்லெண்ணெயும் துணைநிற்கும். தேங்காய்ச் சட்னி அரை நாள் தாங்காது, எள்ளுப்பொடி தாங்கும்.

புறனடை: கிரிவலப் பாதையில் குரங்கு கைப்பற்றுவது முற்றுங் கெடுதல். இதற்கு விதி இல்லை.

5. பயனிலையியல்

இதுவரை சொன்னதெல்லாம் செயப்படுபொருள் பற்றியது. கட்டுச்சோறு குறித்துப் பேசுவோர் அனைவரும் இவ்விடத்தில் நூலை முடித்துவிடுகிறார்கள். நானும் முடித்திருப்பேன். ஒருநாள் காலை, விதிப்படி கட்டிய சாமைத் தயிர்சாதமும் முருங்கைக்கீரைப் பொரியலும் தொடாமல் திரும்பிவந்தன. உப்பா, புளிப்பா என்று மருமகளை விசாரித்தேன்.

"சாப்பாட்டுல ஒண்ணும் குறையில்ல மாமா. தெறக்கத்தான் நேரமில்ல" என்றாள்.

வாக்கியத்தில் செயப்படுபொருள் இருந்தது, பயனிலை இல்லை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 5 மணி நேர வேலைக்கு மேல் போகுமுன் அரைமணியாவது இடைவேளை தரவேண்டும் என்று எழுதிவைத்தது. 150 பேருக்கு மேல் வேலை செய்தால் உட்கார்ந்து சாப்பிட அறை, 250 பேருக்கு மேல் என்றால் கேன்டீன் என்றும் அது சொன்னது. பஸ் தொழிலாளர்க்கும் 1961இல் இதுபோல அரைமணி எழுதப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பவே மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் நான்கு மணி நேரம் கூடினால் டப்பாவுக்கு எத்தனை அடுக்கு கூடும் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பெரியபுராணம் இதில் சட்டத்தைவிடக் கவனமானது. திருப்பைஞ்ஞீலிக்குப் பசியோடும் தாகத்தோடும் நடந்துவந்த அப்பருக்கு இறைவன் பொதிசோற்றோடு வந்து நின்ற கதை அதில் உண்டு. சோறு மட்டும் கொண்டுவரவில்லை. வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் சேர்த்தே உண்டாக்கி வைத்தார். திருக்குருகாவூருக்கு வந்த சுந்தரருக்குப் பொதிசோறு தந்தபோதும் முதலில் பந்தல் போட்டார். உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும் உண்ண நேரமும் இல்லாமல் கட்டுச்சோறு நிறைவுறாது என்பது சேக்கிழார் கண்ட இடைவேளை விதி.

6. எழுவாயியல்

செயப்படுபொருளும் பயனிலையும் ஆயின. எஞ்சியது எழுவாய்.

"காலையில் நாலு மணிக்கு அரிசி களைந்தாயிற்று, கீரை ஆய்ந்தாயிற்று, டப்பா கட்டியாயிற்று." யார் செய்தது என்று இவ்வாக்கியத்தில் இல்லை. இதைத் தோன்றா எழுவாய் என்போம். முதல் பஸ்ஸில் டூட்டி ஏறும் மகனுக்காக விடியற்காலை எழுந்து, இரவு டூட்டிக்குப் போகும் மருமகளுக்காக மாலை மறுபடி அடுப்பேற்றும் என் மனைவிக்கு ஷிப்ட் இன்னதென்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. 'எழுவாய்' என்றால் 'நீ எழுவாய்' என்றும் பொருள் கொள்ளலாம் என்பது இத்தனை காலம் என் வகுப்பில் வெறும் வேடிக்கையாக இருந்தது.

இவ்வளவும் எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மல்லாட்டை உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "எல்லாம் சரிங்க. அந்த ரெண்டு டப்பாவும் இன்னும் கழுவாமத்தான் கெடக்குது" என்றாள்.

ஆகவே இந்நூலின் முடிபு ஒன்றே. டூட்டி முடிந்து வந்ததும் பையிலிருந்து டப்பாவை வெளியே எடுங்கள். மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றி, அதன் அடியில் தங்கிய குழம்பையும் தேய்த்து, கவிழ்த்து வையுங்கள். சாப்பிட்டவரே கழுவுக. வேலைக்குப் போகாத ஆய்வாளர்க்கும் இவ்விதி பொருந்தும். இப்போது நான் அதற்காகத்தான் எழுந்து போகிறேன்.